கலே துறைமுகத்துக் குதிரைகள்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். என் மேசையில் முதலில் கண்ணில் பட்டவை குதிரைகள். மொத்தம் பதினொன்று, கறுப்பு மையில், மிக நன்றாக வரையப்பட்டவை. கீழே ஓவியர் எழுதியிருந்தார்: 'நான்காம் எட்வர்ட் காலத்தில் கலே துறைமுகம்.'

அந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டியவை கம்பளி மூட்டைகள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில் பள்ளிப் புத்தகங்கள் வெளியிடும் ஒரு சிறு நிறுவனத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அதற்கு முன் கொழும்பில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒன்பது ஆண்டுகள் இதே வேலை. இங்கே புரூஃபை இருவராகப் பார்ப்போம். ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சுத் தாளில் கண் வைத்துக் கேட்டு, வேறுபட்ட இடங்களைத் திருத்துவார். வாசிப்பவன் நான். திருத்துபவர் மதராஸிலிருந்து வந்த பத்மா. தாளின் அடியில் திருத்தியவர் மட்டும்தான் கையெழுத்து வைப்பார்.

புத்தகம் உயர்வகுப்பு வரலாறு. அத்தியாயம், இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் வெளிநாட்டு வணிகமும் ராஜதந்திரமும். பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கம்பளியில் பெரும்பகுதி பிரான்ஸ் கரையில் அன்று ஆங்கிலேயர் வசமிருந்த கலே என்ற ஒரே ஊர்ச் சந்தை வழியாகத்தான் வெளிநாடு போனது. அந்தச் சந்தைக்கு ஆங்கிலத்தில் ஸ்டேபிள் என்று பெயர். குதிரை லாயத்துக்கும் ஸ்டேபிள்தான். முதலாவதன் நடுவில் P, இரண்டாவதன் நடுவில் B. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. என் வாயிலும் அப்படியே வந்திருக்கிறது. அச்சில் சரியாக இருந்த ஒன்பது P-யையும் பத்மா B ஆக்கிவிட்டார். ஓவியர் அந்தத் தாளை நம்பிப் படம் போட்டார்.

"எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு சார். ராஜா குதிரை வியாபாரமும் பண்ணாரோன்னு நெனச்சேன்," என்றார் பத்மா. "உங்ககிட்ட கேக்கவும் கேட்டேனே, பி-யான்னு?"

"நான் என்ன சொன்னனான்?"

"ஓம், பி-ன்னீங்க."

அவர் கேட்டது B, நான் ஆமென்றது P. இருவருக்கும் சிரிப்பு வந்தது. நீடிக்கவில்லை. பத்மாவின் மூன்று மாதப் புரொபேஷன் அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. அவருடைய ஆறு வயது மகள் மதராஸில் அக்கா வீட்டில் இருந்தாள். அவளை அழைத்துக்கொள்ள நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அன்று செவ்வாய்.

பத்து மணிக்கு எடிட்டர் கென் பத்மாவைக் கூப்பிட்டார்.

"என் கவனக்குறைவுன்னு சொல்லிடறேன். உங்களை இழுக்கல," என்றார் பத்மா.

"விசர்க் கதை கதையாதேங்கோ. பிழை என்ர வாயில."

"எனக்கு அந்த ஜெர்மன் வியாபாரிங்க கதைதான் சார், யாரோ பண்ணதுக்கு யாரோ மாட்டறது. இங்கிலீஷ் கப்பலைப் பிடிச்சது டென்மார்க் ராஜா. எட்வர்ட் பிடிச்சு உள்ள போட்டது லண்டன்ல இருந்த ஜெர்மன்காரங்களை."

அதுவும் அதே அத்தியாயத்தில் வருவதுதான். அவர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் கூடவே உள்ளே போனேன்.

"இது யார் கையெழுத்து?" என்றார் கென்.

"என்னுடையது," என்றார் பத்மா.

"காதில் விழுந்ததைத்தான் அவர் எழுதினார். பிழையாகச் சொன்னவன் நான்," என்றேன்.

கென் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கே, கம்பளிச் சந்தையைச் சொல்லு."

சொன்னேன்.

"இப்போ லாயத்தைச் சொல்லு."

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நண்பா, நீ சொன்ன நாலும் குதிரைதான்."

பிறகு பத்மாவைச் சொல்லச் சொன்னார். பத்மா கான்வென்டில் படித்தவர். உதடு மூடித் திறந்து, P தனியாக வெடித்தது.

"இனிமேல் நீ வாசி. அவன் திருத்தட்டும்," என்றார் கென். புரொபேஷனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஓவியரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் குதிரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். மற்ற ஒன்பது இடங்களையும் அன்று மாலைக்குள் நானும் பத்மாவும் திருத்தினோம். பாரிஸ் P, பாம்பே B என்று சொல்லிச் சொல்லி. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சந்தேகம் கேட்பவருக்கு எழுத்தைச் சொன்னால் போதாது, பொருளைச் சொல்லுங்கள். 'கம்பளி' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெள்ளி வரை பயந்து காத்திருந்த அந்த மூன்று நாட்கள் அவருக்கு வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. கென் தானே தட்டச்சு செய்திருந்தார். அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. பத்மா அதை அப்படியே மடித்து உறையில் போட்டு, குடிவரவு அலுவலகத்துக்கு நான்கு மணித் தபாலில் சேர்த்தார்.