இரண்டு விமானங்களுக்கு நடுவே

பெட்டிக்காரர் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் குளிர்பெட்டியின் பிளக்கைச் செருகினார். மோட்டார் முனகிக்கொண்டே ஓடத் தொடங்கியது. எத்தனையோ வீடுகளில் நுழைந்ததும் "பிளக் பாயிண்ட் எங்க?" என்று கேட்டவர், தன் வீட்டில் அதைத் தேடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கட்டிலில் அவர் மனைவி. மூச்சு நின்று அரை மணி நேரம் இருக்கும்.

இறந்தவர்களை வைக்கும் இந்தப் பெட்டியை வாடகைக்கு விடுவதுதான் பெட்டிக்காரருக்குப் பிழைப்பு. போகிற வீடுகளில் அவர் கேட்கும் அடுத்த கேள்வி, "வரவேண்டியவங்க எங்கேர்ந்து வராங்க?" ஊரைச் சொன்னால் அவருக்குத் திசைகூடத் தெரியாது. யாராவது போனைப் பார்த்து "பதினாலு மணி நேரம்" என்பார்கள்.

"அது பறக்கிற நேரம். ஆள் வந்து சேர ஒரு நாள் ஆயிடும்" என்பார்.

மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த அன்றும் அவர் வாயில் முதலில் வந்தது, "எத்தனை மணி நேரம்டா?"

"பதினாலுப்பா. நடுவுல இறங்கி வேற விமானம் மாறணும்."

"புள்ள வேலை கெடச்சிருக்குங்கறான், இந்த மனுஷன் கேக்கற கேள்வியப் பாரு" என்றாள் மனைவி. "உங்க புத்தி பெட்டிய விட்டு வெளியவே வராதா?"

அதுவரை வண்டி ஓட்டியது மகன்தான். பெட்டியின் மறுமுனையைத் தூக்கியதும் அவன்தான்.

இப்போது, அம்மாவை உயிரோடு பார்த்துவிடலாம் என்று கிளம்பியவன் பாதி தூரம் வந்திருந்தான்.

"இறங்கினதும் போன் பண்ணுவான். சொல்லிடுங்க மச்சான்" என்றான் மனைவியின் தம்பி.

"வேண்டாம். மீதி ஏழு மணி நேரம் முன்னப்பின்ன தெரியாதவங்க நடுவுல உக்காந்து அழுதுக்கிட்டு வரணும். வந்து தெரிஞ்சுக்கட்டும்."

இதைப் பல வீடுகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேசத் தெம்பில்லாத வீடுகளில் போனைத் தானே வாங்கி, "அம்மா தூங்குறாங்க தம்பி, நீங்க சாப்பிட்டு ஏறுங்க" என்பார். குரல் பிசிறாது.

போன் அடித்தது.

"இறங்கிட்டேன்பா. அம்மா எப்படி இருக்காங்க?"

பெட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தூங்குறாடா. நீ சாப்பிட்டு ஏறு."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்த பிறகுதான் மகன் பேசினான்.

"அப்பா, பெட்டிய நல்லா கழுவித் தொடச்சிட்டு வைங்க. அந்த மருந்து வாடை அம்மாவுக்குப் புடிக்காது."

அவர் போனை மச்சினனிடம் கொடுத்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

மறுநாள் காலை மகன் வந்தான். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அப்பாவும் மகனும் பெட்டியைக் கழுவி வண்டியில் ஏற்றினார்கள். மச்சினன் பிரிட்ஜின் பிளக்கைத் திரும்பச் செருகினான். உள்ளே பால் திரிந்திருந்தது, கொட்டினார்கள். சாயங்காலம் ஒரு வீட்டிலிருந்து பெட்டி கேட்டுப் போன் வந்தது. பெட்டிக்காரர் வேறொருவரின் நம்பரைக் கொடுத்தார்.