கீபோர்டில் வைத்த சந்தனம்

பாகூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் உண்டு. போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள், கம்ப்யூட்டரைப் போட்டு இணையப் பக்கத்தைத் திறந்துவிட்டு, கீபோர்டில் நானே வைத்த சந்தனப் பொட்டுகளை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். அணைத்துவிட்டுத் துடைக்க வேண்டும் என்று தெரியும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

துடைத்து நிமிர்ந்தால், பக்கத்தில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மினுக்குகிறது. வேறு பக்கம் திறந்தாலும் அங்கேயும் அது. கீழ் அம்புக்குறியை அழுத்தினால் வழக்கமாகப் பக்கம் நகரும். இப்போது பக்கம் அசையாமல் நின்றது, கோடு மட்டும் வரி வரியாக இறங்கியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

அதைக் கொட்ட அந்த நேரம் பார்த்து ஆள் வந்து சேர்ந்தாள். பண்டசோழநல்லூரிலிருந்து வருகிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். கரும்புச்சாறு மெஷினில் மாட்டியதில் அவள் வலது கை விரல்கள் மூன்று மடங்காது. டைப் அடிப்பதில் குறை சொல்ல முடியாது. மவுஸ்தான் தகராறு. ஒரு விண்ணப்ப எண்ணை நகலெடுக்க மவுஸால் இழுத்துப் பிடிப்பதற்குள் வழுக்கிவிடும். இடது கையால் முயன்றாலும் அதே கதைதான். காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். வருகிற சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று இரண்டு நாள் முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன்.

“இன்னாடி பண்ணித் தொலைச்ச இத?”

“நா இன்னும் ஒக்காரவே இல்லக்கா.”

“யாரும் தொடாமலா இப்பிடி ஆவும்?”

அவள் குனிந்து பையை மேஜைக்கடியில் வைத்தாள். ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டேன். “வைரஸா இருக்கும்கா. சாயந்தரம் வந்து ஃபார்மேட் பண்ணிடலாம்,” என்றார். அந்த மனிதர் தலைவலிக்கும் ஃபார்மேட்தான் சொல்வார். அதுவரை இருக்கிறதை வைத்து ஓட்டு என்று அவளை உட்காரவைத்துவிட்டு, நான் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டப் போனேன்.

மதியம் பார்த்தால் முணுமுணுப்பைக் காணோம். காத்திருக்க ஆளே இல்லை. எட்டிப் பார்த்தேன். மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள். அம்புக்குறியால் அந்தக் கோட்டை எண்ணின் முதல் இலக்கத்துக்குக் கொண்டுபோனாள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகத் தாண்டினாள். எண் முழுக்க நீலமானது. அப்படியே எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டினாள். நான் செய்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

சாயந்தரம் ரிப்பேர்காரர் வந்து பார்த்ததும் சிரித்தார். “வைரஸ் இல்லக்கா. மேல் வரிசையில இருக்குற எஃப் ஏழு பட்டன் அமுங்கியிருக்கு. கோடு போடட்டுமான்னு ஒரு கட்டம் வந்து கேட்டிருக்கும், யாரோ எண்டர் தட்டிட்டாங்க. திரும்ப எஃப் ஏழு அமுக்குனா போயிடும்,” என்று விரலை நீட்டினார்.

அவள் தன் வலது கையைக் கீபோர்டின் மேல் வைத்து மறைத்தாள்.

“எடுத்துடாதீங்கண்ணா,” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “அக்கா, இது இருந்தா என்னால வேல செய்ய முடியும். நீங்களே பாத்தீங்க இல்ல. என்ன அனுப்பிடாதீங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாரமாக அவள் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, வேறு வழி உண்டா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அவரை அனுப்பிவிட்டு, “அத அமுக்குனது நாந்தான்டி. தொடைக்கும்போது,” என்றேன்.

“தெரியும்கா. பஸ்ஸவுட்டு எறங்கும்போதே நீங்க தொடைக்கிறதப் பாத்தேன்.”

“அப்ப நான் கத்தும்போது ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா காலையிலயே வூட்டுக்குப் போவச் சொல்லியிருப்பீங்க.”

சொல்லியிருப்பேன்தான். மறுநாள் கடை ஷட்டருக்கு இன்னொரு சாவி போட்டு அவளிடம் கொடுத்தேன்.