எட்டுக் கிலோவில் நின்ற கணினி

கரவனெல்லவுக்கு மேலே இருந்த எங்கள் இறப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வார்கள். மாதத்துக்கு ஒருமுறை அங்கே நிறை பார்ப்பார்கள். நான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நிறைகளைப் பதிந்து, வயதுக்கு இருக்கவேண்டிய குறைந்த நிறையைக் காட்டும் கோட்டோடு சேர்த்து வரைய ஒரு சிறிய புரோகிராம் எழுதி, மிட்வைஃப் மிஸ்ஸிடம் கொடுத்தேன்.

முதல் நாள் மதியம் ஐந்து குழந்தைகளின் நிறை சரியாகப் பதிந்தது. ஆறு தசம் நாலு, ஏழு தசம் ஒன்பது என்று மிஸ் தராசைப் பார்த்துச் சொல்ல, நான் தட்டினேன். ஆறாவது குழந்தை சரியாக எட்டுக் கிலோ. எட்டைத் தட்டியதும் திரையில் சிவப்பெழுத்து வந்து எல்லாம் நின்றுபோனது.

குழந்தையின் அம்மா பதறிவிட்டார். "ஏன் தங்கச்சி, எம்புள்ளைக்கு ஏதும் கோளாறாங்க?"

"இல்லக்கா, புள்ள நல்லாருக்கு. நான் எழுதுனதுலதான் பிழை."

"அனே பாவம், நாலு மாசமா கோட்டுக்குக் கீழேயே இருந்த புள்ள," என்றார் மிஸ். "இன்னைக்குத்தான் மேல வந்திருக்கு."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. மற்றக் குழந்தைகளின் நிறையை மிஸ் தாளில் எழுதி அனுப்பினார். அந்த அக்கா மட்டும் போகாமல் வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

தேடியதில் பிழை அகப்பட்டது. தட்டும் எண் எந்த வகையாக இருந்தாலும், அதைக் கணினியின் நினைவில் ஒரு பெட்டிக்குள் போட்டு வைக்கும்படி எழுதியிருந்தேன். எடுக்கும்போது மட்டும் எப்போதும் தசம எண்ணாகவே கேட்டிருந்தேன். தசமம் இல்லாமல் தட்டிய எட்டு, முழு எண்ணாக உள்ளே போயிருந்தது. போட்ட வகையைச் சொல்லிக் கேட்டால்தான் பெட்டி திறக்கும். எட்டும் எட்டு தசம் பூச்சியமும் நமக்குத்தான் ஒன்று. வீட்டில் சோதித்தபோது நான் தட்டிப் பார்த்ததெல்லாம் தசம எண்கள்.

உள்ளே என்ன வகை இருக்கிறதென்று பார்த்து, முதலில் அந்த வகையாகவே எடுத்து, பிறகு தசமமாக மாற்றும்படி திருத்தினேன். மறுபடி எட்டைத் தட்டினேன். புள்ளி கோட்டைத் தாண்டி மேலே போய் உட்கார்ந்தது.

"இதுவா எம்புள்ள?" என்று திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார் அக்கா.

"ஆமாக்கா."

"இன்னொருக்கா காட்டுங்களேன்."

மூன்று முறை காட்டினேன். இப்போது கொழும்பில், முகம் தெரியாதவர்களுக்காக இதைவிடப் பெரிய புரோகிராம்கள் எழுதுகிறேன். ஒன்றையும் யாரும் இன்னொருமுறை காட்டச் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வீடுகளுக்கு ஏறும் பாதையில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "எட்டுக் கிலோ!" என்று சொல்லிக்கொண்டே போனது பிள்ளைக்காம்பரா வாசல்வரை கேட்டது.