நூற்றிமுப்பது சோடிச் செருப்புக்கு ஒரு காவல்

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. நான் மட்டும் மருந்தைவிடச் செருப்புக்கு அதிகம் பயப்படுகிறவள்.

கோயில் வாசலிலோ கல்யாண மண்டபத்திலோ செருப்பைத் தொலைத்துவிட்டு, சுடுதரையில் குதித்துக் குதித்து வீடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வருஷத்துக்கு ஒருநாள் படும் பாட்டை நான் தினமும் படுகிறேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குக் கேட்டில் வேலை. செருப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு பொடிக்கல் மருந்துத் தரையில் உரசினால் போதும், அப்புறம் நடந்ததைச் சொல்ல ஆளிருக்காது. அதனால் தொழிலாளி, முதலாளி, விருந்தாளி யாராக இருந்தாலும் கேட்டை ஒட்டியிருக்கும் தகரக் கொட்டகையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். போனையும் தீப்பெட்டியையும் என் ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். நூற்றிமுப்பது பேர், நூற்றிமுப்பது சோடி.

முன்பு நானும் உள்ளேதான் இருந்தேன். பதினோரு வருஷம் மருந்து சலித்ததில் நெஞ்சில் இருமல் குடியேறிவிட்டது. பொடிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கேட் நாற்காலியை வாங்கினேன். மூன்று வருஷமாக இருமாமல் தூங்குகிறேன். நாற்காலி போனால் தூக்கமும் போய்விடும். அது எனக்கும் தெரியும், எங்கள் போர்மேனுக்கும் தெரியும்.

இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம்

பொன்னுத்தாய் திரி வெட்டுகிறவள். வாரில் பாசிமணி வைத்த செருப்பு ஒரு சோடியை அவளுடைய மகள் வாங்கிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து பொன்னுத்தாய்க்கு வேலை ஓடவில்லை. மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது செருப்பைக் கொட்டகையின் மேல்தட்டில் வைப்பாள், வலது செருப்பைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒளிப்பாள். ஒற்றைச் செருப்பை எவனும் திருட மாட்டான் அல்லவா? உண்மையைச் சொன்னால் அந்த மூளையை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நல்ல யோசனை எங்கள் கம்பெனியில் ஒரு இடத்தில் நிற்காது. ஒரே வாரத்தில் நாற்பது பேர் சோடியைப் பிரித்துவிட்டார்கள். சாயங்காலம் வேலை விட்டதும் பார்க்க வேண்டுமே. ஒற்றைக் காலில் செருப்போடு பாதிப் பேர் மரத்தடியில், மீதிப் பேர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ஒருத்தி இரண்டு காலுக்கும் இடதையே மாட்டிக்கொண்டு வேன் ஏறிவிட்டாள். டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். கூட்டமெல்லாம் ஏறிய பிறகும் பொன்னுத்தாய் மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் பத்திரம் போதாதென்று ஒளிக்கிற இடத்தை மாற்றியிருக்கிறாள். எங்கே என்பது மறந்துபோய்விட்டது. கடைசியில் ஒற்றைச் செருப்போடு வேன் படியில் ஏறியவள் என்னைத் திரும்பிப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்: "நான் ஒளிச்சு வச்சா எம்புட்டுப் பெரிய திருடனாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னேன்ல, பாத்தீகளாக்கா?"

முதலாளியின் நல்ல மனசு

போன தீபாவளிக்கு முதலாளி போனஸோடு ஆளுக்கொரு சோடிச் செருப்பும் கொடுத்தார். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே நீல வார். நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசு கொடுப்பதற்கு முன்னால் ஒருநாள் என் கொட்டகையில் வந்து நின்று பார்த்திருக்கலாம்.

நான் ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் காண்கிறவள் அல்ல. தேய்ந்த குதிகால், ஊக்குக் குத்திய வார், சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்க்கிற அகலம், இவைதான் எனக்கு ஆட்கள். தீபாவளி லீவு முடிந்து கார்த்திகையில் கம்பெனி திறந்த அன்று நூற்றிமுப்பது பேரும் புதுச் செருப்பில் வந்து இறங்க, எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது. சிலர் வாரில் நகப்பாலிஷ் வைத்தார்கள். சிலர் மத்தாப்புப் பெட்டி லேபிளை வெட்டி ஒட்டினார்கள். நான் என் சோடிக்குச் சிவப்பு நூல் சுற்றினேன். சைஸ் தீர்ந்துபோனதால் எனக்குக் கிடைத்தது ஆம்பளைச் செருப்பு.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. லோடு ஏற்றுகிற கருப்பசாமியின் சோடியைக் காணோம். என் ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்தது, மத்தியானத்துக்கு மேல் இல்லை. விஷயம் போர்மேன் சுந்தரம் அண்ணாச்சியிடம் போனது. அண்ணாச்சி அந்தச் சமயம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், வீட்டிலிருந்து வரும்போதே வெறுங்கால். மாலை போட்டவர் யாரையும் வையக் கூடாது, கோபப்படவும் கூடாது. அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, பால் போன்ற குரலில் சொன்னார்: "சாமி சரணம். கோவப்படக் கூடாதுன்னு மெதுவாச் சொல்றேன் ராமலட்சுமி, இது மொதச் சோடி, மூணாவது சோடி காணாமப் போச்சுன்னா நீங்க திரும்ப மருந்து ரூமுக்குத்தான்."

எலுமிச்சம்பழக் காவல்

கருப்பசாமி மறுநாள் தன் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். கழற்றி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தான். பாதியாக அறுத்துக் குங்குமம் தடவி, கறுப்புக் கயிற்றால் வாரோடு சேர்த்துக் கட்டினான். எங்கே வாங்கியது என்று கேட்டேன். காய்கறிக் கடையில் என்றான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே. கொட்டகையில் அந்தச் செருப்பைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. கூட்டிப் பெருக்கும்போது நானும் விலகித்தான் பெருக்கினேன். விஷயம் தெரிந்த எனக்கே கை முன்னால் போகவில்லை.

மூன்றாம் நாள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புத்தி வந்தது. திருடன் அந்தப் பக்கம் வர மாட்டான் என்றால், நம் செருப்பையும் அங்கேயே போட்டால் என்ன? மத்தியானத்துக்குள் நூறு சோடி அந்த ஒரே இடத்தில் குவிந்து, எலுமிச்சம்பழம் அடியில் மாட்டி நசுங்கிச் சாறாகிவிட்டது. மீதித் தட்டெல்லாம் காலி. லேபிள் ஒட்டுகிற மாரிமுத்து மட்டும் செய்வினைக்குப் பயந்து, தன் சோடியைத் தனியாக என் ஜன்னலுக்குக் கீழே வைத்தான். போனது அதுதான். இரண்டாவது சோடி. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, கருப்பசாமி நசுங்கின பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தப்பட்டான்: "நூறு சோடிக்கு ஒத்தப் பழம் எப்படிக்கா தாங்கும், அதுக்கும் ஒரு சக்தி அளவு இருக்குல்ல?"

அதிகாரியின் ஷூ

இந்த நேரம் பார்த்துச் சோதனைக்கு ஒரு அதிகாரி வந்தார். பளபளவென்று ஷூ. கழற்றச் சொன்னேன், சட்டம் தெரிந்தவர் ஆதலால் பேசாமல் கழற்றினார். ஏற்கெனவே இரண்டு போய்விட்டன. மூன்றாவதாக இது போனால் மருந்து ரூம்கூடக் கிடைக்காது, நேரே வீட்டுக்குத்தான்.

அதனால் ஷூவை என் நாற்காலியில் வைத்து, மேலே என் துண்டைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன். உட்காரவே இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், கால் கடுக்க நிற்கிற என்னைப் பார்த்தார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு நேரம் உள்ள சுத்தினேன், எனக்குக்கூட யாரும் நாற்காலி போடலையேம்மா."

மூன்றாவது சோடி

மூன்றாவதாகப் போனது என்னுடையது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே, கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சிவப்பு நூல் சுற்றிய சோடி. சனிக்கிழமை மத்தியானம் குனிந்து பார்த்தால் வெறும் தரைதான் இருந்தது. மறைத்திருக்கலாம். காவல்காரி செருப்பு போனதை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் சாயங்காலம் அண்ணாச்சி என் வெறுங்காலைப் பார்த்து என்னவென்று கேட்டார். மாலை போட்டவரிடம் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "திங்கக்கிழமையிலேர்ந்து உள்ள வந்துருங்க" என்று சரணம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை மருந்து ரூமுக்குப் போடுகிற பழைய சட்டையைத் துவைக்கும்போதே இருமல் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, சாவியை ஒப்படைக்க நின்றிருந்தேன். அண்ணாச்சியின் வீட்டம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு கட்டைப்பை. அதை என் ஜன்னலில் வைத்து, "உங்க கம்பெனிச் செருப்புதான, யாரோ எங்க வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாக" என்றார். உள்ளே மூன்று சோடி. மேலே கிடந்ததில் சிவப்பு நூல்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விரதச் சாப்பாட்டுக்கு அண்ணாச்சி மத்தியானம் வீட்டுக்குப் போவார். என் ஜன்னலில் போனை வாங்குவார். வாங்கின கையோடு லாரிக்காரரிடம் லோடு விவரம் பேச ஆரம்பித்துவிடுவார். வாய் போனில் இருக்கும்போது, முப்பது வருஷம் செருப்பு மாட்டிப் பழகின கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், ஜன்னலுக்குக் கீழே எது கிடந்தாலும் சரி. வீட்டு வாசலில் கழற்றிவிட்டு, சாமி கும்பிட்டுச் சாப்பிட்டு, விரதம் ஞாபகம் வந்து வெறுங்காலோடு திரும்பி வந்துவிடுவார். ஊரார் காலையெல்லாம் உற்றுப் பார்க்கிற நான், சாமி வருகிறாரே என்று கையெடுத்துக் கும்பிட்டு அவர் நெற்றிச் சந்தனத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குள் அண்ணாச்சியும் அங்கே வந்துவிட்டார். பையைப் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார். அவருடைய வீட்டம்மா விடவில்லை. "வாசல்ல செருப்பப் பாத்துட்டு ஆள் வந்திருக்குன்னு மூணு நாளு கூடுதலா உலை வச்சேன் சாமி, வந்தவுக ஒருத்தர்கூடச் சாப்பிடாமப் போயிட்டாகளே" என்று வருத்தப்பட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் முந்தானையால் பொத்திக்கொண்டேன். வீட்டம்மா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்துவிட்டு, அண்ணாச்சி ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்: "ராமலட்சுமி, நாற்காலியத் தொடச்சுப் போட்டு நல்லா உக்காருங்க, ஆனா மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இந்த விசயம் எனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி காதுக்குப் போயிரக் கூடாது."

அவர் மலைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார், அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: செருப்பைக் காக்கப் பூட்டும் வேண்டாம், எலுமிச்சம்பழமும் வேண்டாம், போன் பேசிக்கொண்டே வருகிறவரின் காலைப் பார்த்தால் போதும், வருகிறவர் சாமியாகவே இருந்தாலும்.