மணி தவறாத மாஸ்டரின் கெண்டைக்கால்

"தினமும் ஒரே நேரத்துல எழுந்திரிச்சு, பச்சைத் தண்ணில குளிச்சு, நாக்கைக் கட்டி வாழறவன் இருக்கானே, அவனை இந்த உலகத்துல எந்த உயிரும் நெருங்க முடியாது!"

எங்கள் ஊர் மண்டபத்தில் தற்காப்பு வகுப்பைத் தொடங்கிய அன்று வெண்டெல் மாஸ்டர் இப்படி முழங்கினார். ஹங்கேரியச் சமவெளியில் எங்களை நெருங்க வருவது காற்று மட்டும்தான். இருந்தாலும் பலமாகக் கை தட்டினோம்.

மாஸ்டர் சொன்னபடி வாழ்ந்தார். காலையில் மாதா கோயில் மணி அடித்ததும் வீட்டை விட்டு இறங்குவார். நேரே மண்டபத்துக்கு நடந்து போய்த் தனியாகக் காற்றோடு சண்டை போடுவார். சனிக்கிழமைகளில் எங்களுக்கும் கற்றுக் கொடுப்பார். வழியில் பிரோஷ்கா அக்காவின் வீடு. அங்கேதான் கர்னல் இருந்தான்.

கர்னல் ஓர் ஆண் பெருவாத்து. முதல் நாள் ஏதோ கோபத்தில் மாஸ்டரின் கெண்டைக்காலைக் கவ்வினான். மறுநாள் மணி அடித்தபோது கேட்டருகே காத்திருந்தான். அதன்பின் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மழையிலும் நின்றான். சர்க்கரையும் தொடுவதில்லை. ஒழுக்கத்தில் மாஸ்டருக்கு எந்த வகையிலும் குறைந்தவன் அல்ல என்பதை நடுநிலையோடு சொல்லியாக வேண்டும்.

"மாஸ்டர், அவனைக் கொட்டகையில அடைச்சு வைக்கட்டுமா?" என்றாள் பிரோஷ்கா அக்கா. வகுப்பில் சேர்ந்த முதல் மாணவியும் அவள்தான்.

"வேண்டாங்க்கா. ஒரு வாத்துக்காக ஊரே கதவை அடைக்கணும்னா நான் எதுக்கு இருக்கேன்?"

"அப்ப கொஞ்சம் லேட்டாவாவது போங்களேன். மணி அடிச்சாத்தான் அவன் கேட்டுக்கு வர்றான். மத்த நேரத்துல தபால்காரரைக்கூடச் சீண்டறதில்ல."

"லேட்டாவா?" மதம் மாறச் சொன்னதுபோல் பார்த்தார் மாஸ்டர்.

கடிபட்டதற்குக் காரணம் தன் ஒழுக்கக் குறைவே என்ற முடிவுக்கு வந்தார். ஜாமை விட்டார். தலையணையை விட்டார். கடி மட்டும் விடவில்லை. உதைக்கக் காலைத் தூக்கினால் நிற்கிற காலைக் கவ்வினான் கர்னல். நாங்களும் மணி அடித்ததும் காபிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வரப் பழகிவிட்டோம். மாஸ்டரால் ஊரில் ஒழுக்கம் பரவியது உண்மை.

வகுப்பில்தான் ஆள் குறைந்தது. மாஸ்டர் மார்ட்டின் திருநாளை நம்பியிருந்தார். அன்று ஊர் முழுக்க வாத்து வறுவல் அல்லவா! அதற்கு முதல் வாரமே வேலியோரம் போய் நின்று, ஆசையை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னக்கா, கர்னலுக்கு நாள் குறிச்சாச்சா?"

"இவனையா? சமையலுக்கு வேற வாங்கிட்டேன், மாஸ்டர். உங்களை விட்டா இந்த ஊர்ல நேரம் தவறாத ஆம்பளை இவன் ஒருத்தன்தானே!"

மாஸ்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலைத் தடவிவிட்டுக்கொண்டார்.

போதாக்குறைக்கு ஊர்த் தலைவர் ஓட்மார் வந்தார். "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. பாட்டுக் குழுப் பொம்பளைங்க மண்டபம் கேக்கறாங்க. வர்ற சனிக்கிழமையும் கால்ல கடியோட வந்தீங்கன்னா சாவியை அவங்ககிட்ட குடுத்துடுவேன். வாத்துகிட்ட தோக்கறதுக்கு மண்டபம் எதுக்கு? தெருவே போதுமே."

அந்த மண்டபத்தை விட்டால் மாஸ்டருக்கு வேறு பிழைப்பும் இல்லை, பெருமையும் இல்லை.

சனிக்கிழமை மணி அடித்தது. ஜன்னல்கள் நிரம்பின. கர்னல் கேட்டருகே வந்து கழுத்தை நீட்டினான். மாஸ்டரைக் காணோம். எங்கள் காபி ஆறியது. கர்னல் தெருவை மேலும் கீழும் பார்த்தான். ஒரு முறை எரிச்சலோடு கத்தினான். பிறகு உள்ளே போய்த் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டான். அவ்வளவு ஏமாந்த முகத்தை அவனிடம் நாங்கள் பார்த்ததே இல்லை.

வெயில் ஏறிய பிறகுதான் மாஸ்டர் வந்தார், அதே தெருவில். சவரம் இல்லை. கன்னத்தில் தலையணை மடிப்பு. வாய் நிறைய பிளம் ஜாம் பன். கேட்டைக் கடந்தார். ஓர் இறகுகூட அசையவில்லை.

மண்டப வாசலில் ஓட்மார் குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தார். சாவியை மாஸ்டர் கையில் வைத்தார்.

"அடுத்த வகுப்பு எத்தனை மணிக்கு, மாஸ்டர்?" என்றாள் பிரோஷ்கா அக்கா.

மாஸ்டர் உதட்டிலிருந்த ஜாமைத் துடைத்தார்.

"முழிப்பு வந்தப்புறம் வாங்கக்கா," என்றார், மெல்லிய குரலில்.