பச்சிலைக்காரரின் மூக்கு

உள்ளங்கையில் கசக்கிய இலையை வந்தவரின் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருங்க. எப்படி இருக்கு?" என்கிறார் பச்சிலைக்காரர். வந்தவர் மூச்சை இழுத்துப் பார்த்து, காரமாக இருக்கிறது, மண் வாசம் வருகிறது என்று ஏதாவது சொல்கிறார். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறார். அதுவும் வைத்தியத்தில் சேர்த்தி என்று தெருவே நம்புகிறது. மோந்ததிலேயே தலைவலி பாதி இறங்கிவிட்டதாக முடிதிருத்துகிறவர் சத்தியம் செய்கிறார்.

உண்மை என்னவென்றால், ஒரு காய்ச்சலோடு இவருக்கு மோப்பம் போய்விட்டது. இரண்டு மழைக்காலம் போயும் திரும்பி வரவில்லை. பச்சை இலையென்றால் கண்ணே சொல்லிவிடும். இடித்துப் பொடியாக்கிவிட்டால் பாதிக்கு மேல் ஒரே பழுப்பு. மூக்கு ஒன்றுதான் சாட்சி. நாக்கும் மரத்துக் கிடக்கிறது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி. ஒவ்வொரு பொட்டலமும் அந்த அம்மாளின் மூக்கைத் தாண்டித்தான் வாசலைத் தாண்டும். "உங்களுக்கும் சேத்து மோந்து மோந்து, சோறுகூட வேரு மாதிரி நாறுது எனக்கு," என்பாள். கடையை மூடிவிடலாம் என்று இருவரும் பேசாத நாளில்லை. கதவைத் திறந்தால் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எங்கே மூடுவது? அலுப்போடுதான் வந்து உட்காருகிறார்.

போன வாரம் மகளுக்கு உடம்பு முடியவில்லை என்று சேதி வந்தது. "நான் வர்ற வரைக்கும் யாருக்கும் எதுவும் மடிச்சுக் குடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி பஸ் ஏறினாள். இவர் கை சும்மா இருந்தால்தானே? அலமாரியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று டப்பா மூடிகளையெல்லாம் கழற்றிக் கழுவிக் காயவைத்தார். பெயர் எழுதியிருந்தது மூடிகளில்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. தொட்டும் பார்த்தும், வழக்கமாக வைக்கிற இடத்தை நினைவுபடுத்தியும் மற்றவற்றை இனம் கண்டு மூடிவிட்டார். இரண்டு டப்பா மட்டும் எது எதுவென்று தெரியாமல் நின்றுபோயின. ஒன்று வயிற்றுப்போக்கை நிறுத்துகிற வேர்ப்பொடி. மற்றது, விஷம் தின்றவர்களை வாந்தியெடுக்க வைப்பது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயிறு போய்ப் போய்க் குழந்தை துவண்டு கிடந்தது. ஒரு டப்பாவை அவள் மூக்கருகே நீட்டினார். அவளுக்கோ ஜலதோஷம். "ஒண்ணும் தெரியலய்யா. நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்," என்றாள். இந்த நம்பிக்கையைச் சுமந்து சுமந்துதான் மனிதர் ஓய்ந்துபோயிருந்தார். மறுத்துச் சொல்லக்கூடத் தெம்பில்லை. வலப்பக்கம் இருப்பதுதான் சரி என்று ஏதோ ஒரு குருட்டு எண்ணத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்.

அவள் தெருமுனையை நெருங்கும்போதுதான், கொடுத்தது வாந்திப் பொடியாக இருந்தால் என்று இவருக்கு உறைத்தது. செருப்புகூட மாட்டாமல் ஓடினார். "அதக் குடும்மா," என்று பொட்டலத்தைப் பிடுங்கினார். அவள் மலைத்து நின்றாள். கடைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. முடிதிருத்துகிறவரும் கத்தரிக்கோலோடு வெளியே வந்துவிட்டார். மறைக்க இனி என்ன இருக்கிறது? அத்தனை பேர் காதிலும் விழும்படியே சொன்னார்:

"எனக்கு மோப்பம் போயி ரெண்டு வருசமாச்சும்மா. இது என்ன பொடின்னு எனக்கே தெரியாது."

பொட்டலத்தைப் பிரித்துச் சாக்கடையில் கொட்டினார். பிறகு குழந்தையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவளுக்கு முன்னால், ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார்.