படுவான்கரையில் ஒரு நாள் சிநேகிதி

மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கும்போது பிற்பகல் மூன்றரை மணி. காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையில் ஏறியவள் நான். அத்தனை நேரத்தில் என்னோடு பேசிய ஒரே ஆள் வடை விற்றவர். அவரும் "எத்தனை?" என்று மட்டும்தான் கேட்டார். ஆவணி மாதத்துக் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று மேடையில் புழுதியை வாரி இறைத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே வந்து, நாவற்குடாவுக்கு ஐந்நூறு ரூபா பேசி ஓட்டோவில் ஏறினேன்.

நான் ஹட்டன்காரி. இப்போது கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் ஓர் அறை, தண்ணீர் கொதிக்க ஒரு கேத்தல், ஒரு கோப்பை. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை எடுக்கும் கர்ப்பிணிகளும் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்க்கும் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை. தாய் நாள் தவறாமல் மருந்தை எடுத்தால் அவள் இரத்தத்தில் கிருமி அடங்கிவிடும். பிள்ளைக்குத் தொற்றாமல் காத்துவிடலாம். குழுவில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எங்கே பேச்சு வேண்டியிருந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள், எப்போதும் தனியாக.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆய்வில் உள்ள பெண்ணை வெளியில் எங்கே கண்டாலும் நாங்கள் தெரிந்ததுபோல் காட்டக்கூடாது. அவளாகச் சிரித்தால் சிரிக்கலாம். சந்தையில், கோயிலில், பஸ்ஸில் எத்தனையோ பேரை இப்படிக் கடந்து போயிருக்கிறேன். அவர்களுடைய இரத்தத்தின் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து 'சுகமா?' என்று கேட்க முடியாது. இந்த வேலையில் சேர்ந்த பிறகு எனக்கு அறிமுகம் கூடியது, பேச்சுத்துணை குறைந்தது.

நாவற்குடாவில் குழு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் டொக்டர் நில்மினி காத்திருந்தார். குழுவின் தலைவி; நல்லவர், பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. பையை வைக்கக்கூட விடவில்லை.

"நீ பார்க்க வந்திருக்கும் பெண் மருந்துக் குளிசைகளை எறிகிறாள் என்று நினைக்கிறேன்" என்றார் சிங்களத்தில். "ஆறாம் மாதம். அடங்கியிருந்த கிருமி திரும்ப ஏறுகிறது. கேட்டால், ஒரு நாளும் தவறவில்லை என்கிறாள். இப்போதாவது ஒழுங்காக எடுத்தால்தான் பிள்ளை தப்பும். நீ போய்ப் பார்."

அவளை வசந்தி என்று எழுதுகிறேன். அவளே தேர்ந்த பெயர். எழுதலாம், ஊரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கிளினிக் தாதியிடம் சொல்லியனுப்பினாள். பயணக் கட்டுரை எழுதுகிறவள் போன ஊரை மறைப்பது அநியாயம்தான். பழுகாமத்துக்கு அப்பால் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தொலைபேசியில் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "வீட்ட வாங்க. ஆனா கார்மெண்ட்ஸில என்னோட வேலை செஞ்ச சிநேகிதி எண்டு வாங்க."

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குக் கல்முனை பஸ். களுவாஞ்சிகுடிக்கு நூற்றிருபது ரூபா. காத்தான்குடியின் பேரீச்ச மரங்கள், ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம் என்று இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் வாவியும் கூடவே வந்தன, இரண்டும் வீடுகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்கிறார்கள். மேற்கே அது படும் பக்கம் படுவான்கரை. நான் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துப் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுநாயக்கா, தையல் பகுதி, இரண்டு வருடம் ஒரே விடுதி.

களுவாஞ்சிகுடியில், ஊர்ப் பெயரைக் கேட்டதும், அதே ஊர்க்காரரான ஓட்டோக்காரர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"யாரிட வீட்ட போறீங்க மிஸ்?"

"வசந்தி வீட்டுக்கு. சிநேகிதி. கார்மெண்ட்ஸ்ல ஒண்ணா இருந்தோம்."

"அப்ப கலியாணத்துக்கு வரல்லையே? நான்தானே சாமான் ஏத்தின. உங்களக் காணல்ல."

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. "லீவு தரல" என்றேன்.

"தரமாட்டானுகள். அவனுகள் அப்பிடித்தான்" என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார். பட்டிருப்புப் பாலத்தில் ஏறியதும் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. பாலத்துக்கு அப்பால், வட்டை என்று இவர்கள் சொல்லும் பெரிய வயல்வெளிகள் அறுவடை முடிந்து வெறும் தாளாய்க் கிடந்தன. கொக்குகளும் மாடுகளும்தான் நின்றன. வீட்டு வாசலில் என்னை இறக்கி, எண்ணூறு ரூபாவை வாங்கிக்கொண்டு, "வசந்தி, உன்ட கூட்டாளி வந்திருக்கா!" என்று நாலு வீடு கேட்கச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். வசந்தியின் அம்மா தன் வீட்டு நிலமான வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவள் வசந்திக்கு ஒரு வீடும் இளையவள் கவிதாவுக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே நீல வர்ணம். எல்லையில் நின்ற தென்னையில்கூட மூத்தவள் ஒரு முறை, இளையவள் ஒரு முறை என்றுதான் தேங்காய் பறிப்பார்களாம். சமையல் மட்டும் அம்மாவின் அடுப்பில், எல்லோருக்கும் சேர்த்து. வசந்தியின் கணவர் வெளியூரில் மேசன் வேலை. அவருக்கும் தொற்று உண்டு. அவரும் மருந்து எடுக்கிறார். அவர்கள் இருவரையும் தவிர அந்த வளவில் யாருக்கும் விஷயம் தெரியாது.

வசந்தி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நடிப்புத்தான். ஆனாலும் என்னை ஒருவர் கட்டிப்பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அம்மா இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தந்தார். தேயிலை நாட்டில் பிறந்தவள் என்பதால் எங்கே போனாலும் தேநீரைக் குறை சொல்லும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இதில் சீனி மூன்று கரண்டி; சாயம் கிணற்றுத் தண்ணீரில் கறுத்திருந்தது. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"கலியாணம் முடிச்சிட்டீங்களா மகள்?"

"இல்லம்மா."

"மறுகா எப்ப? அம்மா அப்பா இரிக்காங்களா?"

"இல்லம்மா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பகல் சாப்பாட்டில் என் தட்டில் மட்டும் மணலை மீன் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது. கவிதா அதைப் பார்த்து, "எங்களுக்குக் கூட இப்பிடி வைக்கமாட்டா" என்று சிரித்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா எழுந்துபோய் ஒரு போத்தலும் இரண்டு டம்ளர் தண்ணீரும் கொண்டு வந்தார். போத்தலைக் கண்டதுமே அடையாளம் தெரிந்தது. வசந்தியின் மருந்து அது. அம்மா ஒரு குளிசையை வசந்தியின் உள்ளங்கையில் வைத்தார். இன்னொன்றைக் கவிதாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மா, ஒருத்தருக்குத் தந்ததை இன்னொருத்தர் எடுக்கக் கூடாதில்லையா?" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"இது மருந்தில்ல மகள், சத்துக் குளிசை. நல்ல சாமானாம். மூத்தவளுக்கு மட்டும் தந்திருக்காங்க. இளையவளும் புள்ளத்தாச்சிதானே? ஒருத்திக்குக் குடுத்து ஒருத்தியப் பாத்துக்கொண்டிரிக்க வைக்க எனக்கு மனம் வருமா?"

கவிதா விழுங்கிவிட்டாள். வசந்தி என்னைப் பார்த்தாள்.

போத்தலில் உள்ள பெயரைக் கிழித்துவிடுங்கள், கேட்பவர்களிடம் சத்துக் குளிசை என்று சொல்லுங்கள் என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தது எங்கள் குழுதான். கொழும்பில், நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஒரே அடுப்பில் உண்ணும் இரண்டு கர்ப்பிணிகளையும், தேங்காயைக்கூடச் சமமாய்ப் பங்கிடும் ஒரு தாயையும் அந்த மேசையில் யாரும் நினைக்கவில்லை.

வெயில் சற்றுத் தாழ்ந்ததும் வாவியைக் காட்டுகிறேன் என்று வசந்தி என்னை அழைத்துக்கொண்டு போனாள். கரையில் கண்ணா என்னும் அலையாத்திப் பற்றைகளுக்கு அருகில் நின்றோம்.

"ஒரு போத்தல் மாசத்துக்குக் காணோணும். இப்ப அரை மாசத்தில முடிஞ்சிரும்" என்றாள். "மறுகா அடுத்த கிளினிக் வரைக்கும் வெறுங்கைதான்."

"ஏன் கிளினிக்ல சொல்லல?"

"என்னெண்டு சொல்ற? தங்கச்சிக்கு இந்தக் குளிசையக் குடுக்க விட்டுட்டு நிண்டன் எண்டா என்னை என்ன சொல்லுவாங்க? ஏன் விட்டாய் எண்டு கேப்பாங்க. விடாட்டி அம்மா கேப்பா. தங்கச்சிக்கு ஒரு குளிசை குடுக்க மனமில்லாதவளா நீ எண்டு கேப்பா." வயிற்றில் கையை வைத்தாள். "இருக்கிற நாளில ஒழுங்காத்தான் எடுக்கிறன். வயித்தில புள்ள துடிக்காட்டிப் பயமா இரிக்கும். துடிச்சாலும் பயமா இரிக்கும்."

இனி ஒரு நாளும் விடக்கூடாது, கவிதா உடனே நிறுத்த வேண்டும், அவளையும் டொக்டர் பார்க்க வேண்டும், நடந்ததை நான் டொக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று டொக்டர் தந்துவிட்ட மேலதிகப் போத்தலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இது பிரஷர் குளிசை என்று வீட்டில் சொல்லிவிடலாம், அதை யாரும் பங்கு போட மாட்டார்கள் என்றும் ஒரு யோசனை சொன்னேன்.

வசந்தி சிரித்துவிட்டாள். "இவ்வளவு நாளும் தங்கச்சிக்குக் குடுத்த சாமான் பிரஷர் குளிசை எண்டா அம்மா ஊரையே கூட்டிருவா. இல்ல. சொல்லத்தான் வேணும். உள்ளதச் சொல்லத்தான் வேணும்."

"நான் பக்கத்துல இருக்கட்டா?"

"வேணாம். விருந்தாளிக்கு முன்னால அம்மா அழமாட்டா. அழாட்டி அவவுக்கு ஆறாது. நீங்க போங்க."

சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நான் அந்த வீட்டின் சிநேகிதியாக இருந்தேன், மீன் துண்டு கூடுதலாக வாங்கினேன். முக்கியமான நேரத்தில் விருந்தாளியாகிவிட்டேன்.

திரும்ப அம்பிளாந்துறை வழியாக வந்தேன். ஓட்டோ ஆயிரத்து இருநூறு. அங்கிருந்து குருக்கள்மடத்துக்கு வாவியைக் கடக்க, மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் இரும்புத் தட்டுப் படகு ஒன்று உண்டு. அதைப் பாதை என்கிறார்கள். எல்லோரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு படுவான்கரையைப் பார்த்து நின்றேன். அந்த நேரம் அவள் சொல்லியிருப்பாளா, அம்மா என்ன செய்திருப்பார், எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் அந்த வீட்டுக்கு யாருமில்லை.

டொக்டரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "தங்கைக்கும் ஒரு போத்தல் உண்மையான சத்துக் குளிசை கொடுத்திருக்கலாம்" என்றார்.

இரண்டாவது முறை நான் போனது தை மாதக் கடைசியில். நாவற்குடா வீட்டைக் காலிசெய்து சாமான்களை ஏற்றியனுப்பும் வேலை. இடையில் நடந்தது நல்லதாகவே இருந்தது. வசந்தி வீட்டில் உள்ளதைச் சொல்லிவிட்டாள், நான் யார் என்பதையும் சேர்த்து, என்று கிளினிக் தாதி மூலம் தெரிந்தது. அடுத்த மாதமே வசந்தியின் இரத்தத்தில் கிருமி இறங்கத் தொடங்கியது. கவிதாவைப் பரிசோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வசந்திக்குப் பெண் குழந்தை. இதுவரை செய்த சோதனைகளில் தொற்று இல்லை. கடைசிச் சோதனை மட்டும் பாக்கி. அதைக் கிளினிக்கிலேயே செய்வார்கள். எங்கள் பங்கு முடிந்தது. விதிப்படி அவள் இலக்கத்தை என் தொலைபேசியிலிருந்து அழித்தேன்.

வேலை ஒரு நாள் முன்னதாக முடிந்தது. ரயிலுக்கு நேரமிருந்தது. நான் பஸ் ஏறிக் குருக்கள்மடத்துக்குப் போய், பாதையில் அக்கரைக்குப் போனேன். ஏன் போனாய் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. ஊருக்குள் போகமாட்டேன், இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த பாதையில் திரும்பிவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். வாவி கரை தட்டி நிறைந்திருந்தது. தேநீர் வழக்கம்போல் சீனிப்பாணியாய் இனித்தது.

திரும்பும் பாதையில், புறப்படும் நேரத்தில், அவர்கள் ஏறினார்கள். முன்னால் வசந்தி, கையில் பை. பின்னால் அம்மா, தோளில் துணியால் சுற்றிய குழந்தை.

வசந்தி என்னைக் கண்டாள். கண்ட உடனே முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள். ஊர்க்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள். நானும் திரும்பிக்கொண்டேன். விதி எனக்குப் பழக்கம்தான்.

மழை தூறத் தொடங்கியது. அம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்தப் புள்ளைய ஒருக்காப் புடிங்க. நான் குடைய விரிக்கோணும்."

யாரோ ஒரு பயணியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பக்கத்தில் அவருக்குத் தெரிந்த பெண்கள் நாலு பேர் நின்றார்கள். அவர்களிடம் கொடுக்கவில்லை. குழந்தையை என் கையில் வைத்து, தலைக்குக் கீழே என் முழங்கையைச் சரிசெய்தார். குடையை விரித்துக் குழந்தைக்கும் எனக்கும் சேர்த்துப் பிடித்தார். அவர் முதுகு நனைந்தது. பிள்ளையைத் திரும்பக் கேட்கவில்லை. அக்கரை நெருங்கும்வரை கேட்கவில்லை.

குழந்தை கொட்டாவி விட்டது. சிறிய, சிவந்த, கோபக்கார முகம். அதன் கணக்கெல்லாம் தாளில் எனக்குத் தெரியும், நிறை உட்பட. கையில் அது வேறு நிறை.

மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "வடிவான புள்ள. யாரிட, உங்கடயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"நம்மட புள்ளதான்" என்றார்.

பாதை கரையில் முட்டியது. அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, நனைந்த பலகையில் கால் பார்த்து வைத்து இறங்கினார். வசந்தி பின்னால் போனாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

மட்டக்களப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ரயில் நிலையத்துக்கு ஓட்டோ பிடித்தேன். கொட்டாஞ்சேனையில் நான் எங்கே போனேன், எப்போது வந்தேன் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாம் மாடிக்குப் பையைத் தூக்கி ஏறினால் கேத்தல் காத்திருக்கும். இங்கே ஓட்டோக்காரர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கொழும்பா மிஸ்? இஞ்ச யாரிட்ட வந்த நீங்க?"

"சிநேகிதியப் பாக்க வந்தேன். அவளுக்குக் கொழந்த பொறந்திருக்கு" என்றேன். இந்தத் தடவை ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை.